மையை ஊதி நரம்புக்கலம் வரையேக்க கிளை ஏன் திட்டாகுது?

கேள்வி | கொக்குவில் சித்திரம்
நரம்புக்கல ஓவியங்கள் வரையிற அமெரிக்க ஓவியர் கிரெக் டன் செய்யிற மாதிரி, மைத்துளியை ஸ்ட்ரோவால ஊதி நரம்புக்கலம் வரையப் பாக்கிறன். சித்திரக்கொப்பித் தாளிலை மை கிளைவிடாமல் வட்டமாய் ஊறுது. மழைக்காலத்திலை விட்ட கிளையும் திரும்ப ஓடிச் சேருது. பின்னணி பொன்னிறமாய் வேணும். என்ன தாள், என்ன மை?

பதில் | மைக்கூடு
ஊறுற தாளிலை இது சரிவராது. தாள்நார் மையை எல்லாப் பக்கமும் ஒரேயளவாய் இழுக்கும், அதுதான் வட்டம். மை மேலை நிண்டால்தான் காத்து தள்ளும். பிறிஸ்டல் போர்ட் எண்ட தடிச்ச வரைதாள், சதுர மீற்றருக்கு 250 கிராமுக்குக் குறையாமல், வழுவழுப்பான பக்கம். ஷெலாக் (அரக்குப் பிசின்) சேர்ந்த இந்தியன் இங்க் 2 பங்குக்குத் தண்ணி 1 பங்கு.

3, 4 மில்லிமீற்றர் அகலத் துளி காணும். ஸ்ட்ரோவைத் தாளோட சரிச்சு, துளிக்கு 2 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிச்சு, சட்டெண்டு ஒருக்கா ஊதுங்கோ. மேலையிருந்து ஊதினால் தெறிக்கும். ஒரு கிளைக்கு ஒரு ஊதல், பிறகு தாளைத் திருப்புங்கோ. காத்து சுழண்டு வாறதால மை தடை குறைஞ்ச பக்கம் பிரியும். கையால கீறி அந்தக் கோணலை எடுக்கேலாது.

மார்கழி ஈரத்திலை, ஊதின உடனை நடுவிலை தேங்கின மையை ஒற்றுத்தாள் நுனியால எடுங்கோ. பலகை மட்டமாய் இருக்கோணும். சோளகம் வீசேக்க ஓரம் கெதியாய்க் காயும், தண்ணியைக் கூட்டுங்கோ. ஃபேன் எப்பவும் நிப்பாட்டித்தான்.

பதில் | கலமும் கோடும்
உருவத்தையும் கவனியுங்கோ. டென்ரைட், அதாவது சமிக்ஞையை வாங்கிற கிளைகள், போகப்போக மெலியும். அக்சன், அதாவது சமிக்ஞையை வெளியிலை கொண்டுபோற நீள இழை, ஒண்டுதான், கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே தடிப்பு. அதை ஊதாமல் 0.1 எண்ட மெல்லிய நுனிப் பேனையால இழுங்கோ. சிறுமூளையிலை உள்ள புர்கிஞ்சே கலத்தின்ர கிளைகள் விசிறி மாதிரி ஒரே தளத்திலை விரியிறதால, தட்டையான தாளுக்கு அதுதான் வாசி.

மாதிரிக்கு எச் அண்ட் ஈ (வழமையான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம்) போட்ட நுணுக்குக்காட்டிச் சிலைட் உதவாது, அதிலை கலவுடல்தான் தெரியும், கிளை தெரியாது. 1873இல் இத்தாலிய மருத்துவர் கொல்கி கண்டுபிடிச்ச வெள்ளி நைத்திரேற்றுச் சாயப் படங்களைப் பாருங்கோ. அந்தச் சாயம் ஒருசில கலங்களிலை மட்டும் ஏறும், ஏறினது முழுசாய்க் கறுக்கும், பின்னணி மஞ்சள். டன் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலை நரம்பறிவியல் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். அவற்ற பொன்னிற வெற்றிடத்திலை ஜப்பானிய ஓவியத்தின்ர சாயலும் இருக்கு, இந்தக் கொல்கிச் சிலைட்டின்ர சாயலும் இருக்கு. ஆனபடியால் தாளை நிரப்பாதேங்கோ. மூண்டு கலம் போதும்.

பிலடெல்பியா பிராங்ளின் இன்ஸ்ரிரியூட்டிலை உள்ள அவற்ற பெரிய மூளைப்படம் வேற முறை. பிரையன் எட்வர்ட்ஸோட சேர்ந்து செய்தது. நுண்ணிய செதுக்கல் கோடுகளிலை வெளிச்சம் படுற கோணத்தாலதான் அது மின்னுது. ஊதி அதை எடுக்கேலாது.

பதில் | மைக்கூடு
பொன்னிறத்துக்கு: முதல் ரேக்கு (மெல்லிய உலோகத் தகடு), பிறகு மை. மலிவான ரேக்கு செம்பும் துத்தநாகமும், எங்கட உப்புக்காத்திலை கறுக்கும்; ஒட்டினபிறகு ஷெலாக் ஒரு பூச்சுக் கட்டாயம். 22 கரட் ரேக்குக்கு அந்தப் பயமில்லை. ரேக்கு ஒட்டுற தண்ணிப் பசை பால்நிறம் போய்த் தெளிஞ்சு, விரல் ஒட்டுற பதத்திலைதான் ரேக்கு வையுங்கோ. ஈரத்திலை வைச்சால் சுருங்கும்.

கொக்குவில் சித்திரம்
ஷெலாக்குக்கு மேலை மை முத்து முத்தாய் உருளாதோ?

மைக்கூடு
உருளும். சோக்குத்தூளை மெல்லமாய்த் தேச்சுத் துடைச்சுவிட்டு ஊதுங்கோ. அப்பவும் உருண்டால், பாத்திரம் கழுவுற திரவத்தை ஊசிமுனையிலை தொட்டு மையிலை கலவுங்கோ. கூடினால் கிளை விடாமல் பரவிப்போம்.