கொரோனா நிவாரணத் தணிக்கை: மாட்டு எண்ணிக்கைக்கு எந்தச் சான்று செல்லும்?

அமெரிக்க வேளாண் துறை 2020இல் விவசாயிகளுக்குக் கொடுத்த சி.எஃப்.ஏ.பி. (கொரோனா உணவு உதவித் திட்டம்) நிவாரணத்தின் தணிக்கைக்கு உதவி தேவை, நண்பர்களே.

முதல் சுற்றில் ஏப்ரல் 16 முதல் மே 14 வரை இருந்த அதிகபட்ச மாடுகளுக்குத் தலைக்கு 33 டாலர். இரண்டாம் சுற்றில் ஆகஸ்ட் 31 வரை ஏதாவது ஒரு நாள் இருப்புக்குத் தலைக்கு 55 டாலர், ஆனால் இனப்பெருக்க மாடுகள் சேராது. இரண்டாம் சுற்று விண்ணப்பத்தில் முதல் சுற்று எண்ணை அப்படியே எழுதியிருந்தால் தொகை கூடிவிடும், திருப்பிக் கட்ட நேரும். இதுதான் பெரிய கவலை.

கன்று ஈன்ற பதிவேடு, சந்தை விற்பனைச் சீட்டுகள், தடுப்பூசி ரசீதுகள் கைவசம் உண்டு. குறிப்பிட்ட நாளில் எண்ணிய பதிவு மட்டும் இல்லை. பிந்தைய விற்பனையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் காட்டினால் ஏற்கிறார்களா? மந்தைக்கென ஒதுக்கிய, இன்னும் ஈனாத கிடாரிகளை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்? தணிக்கை முடித்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.