ஹைட்ரேஞ்சியா கட்டிங் எல்லாம் கறுத்துப் போகிறது, உதவுங்கள்

கோத்தகிரி செல்வி:
அவசரம். ஹைட்ரேஞ்சியா பூச்செடியின் கிளையை வெட்டி கட்டிங் எதை வைத்தாலும் அடியில் கறுத்துப் போகிறது. தங்கையின் புது வீட்டுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். என்ன மருந்து போடலாம்?

மலைச்சாரல்:
என்ன மண்? பூத்த கிளையா, பூக்காததா? வெயிலா, நிழலா? ஒன்றுமே சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி அக்கா?

ஊட்டிக்காரன்:
பனிதான் காரணம். இங்கே ஜனவரியில் உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் கருகிவிடும்.

மலைச்சாரல்:
இப்போது ஆகஸ்ட், தம்பி.

நர்சரி மணி:
வேர் ஊக்கி பவுடர் தொட்டு வைத்தீர்களா? அது இல்லாமல் வராது.

பழைய தோட்டக்காரர்:
வரும். ஹைட்ரேஞ்சியாவுக்குப் பவுடர் கட்டாயமில்லை. இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பக்கத்தில் தேயிலை நாற்றங்கால் இருந்தால் போய்ப் பாருங்கள். கட்டிங் நடும் பையின் மேல்பகுதியில் எரு சேர்க்க மாட்டார்கள், அடிமண்ணும் மணலும்தான். வெட்டிய இடம் எருவில் பட்டால் அழுகும். வேர் விட்ட பிறகுதான் அதற்குச் சாப்பாடு. பூக்காத கிளையில் நான்கைந்து அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள்.

கோத்தகிரி செல்வி:
ஆட்டு எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி. பூ இருந்த கிளைதான். தயிர் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

மலைச்சாரல்:
டப்பாவில் ஓட்டை இருக்கிறதா?

ஊட்டிக்காரன்:
அது இருக்கட்டும், நீலப் பூவா? துருப்பிடித்த ஆணியைப் புதைத்து வையுங்கள், நல்ல நீலம் வரும்.

பழைய தோட்டக்காரர்:
இரும்புக்கும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை. மண்ணின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைக்கும், அதனால் வரும் நீலம். தேயிலை விளையும் மண் அமில மண்.

நர்சரி மணி:
குன்னூரில் எங்கள் வீட்டில் ஒரே செடியில் நீலமும் ரோஸும் பூக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் ஐயா?

பழைய தோட்டக்காரர்:
சுவரோரச் செடியா? சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி அமிலம் குறையும் பக்கம் ரோஸ் ஆகும்.

ஊட்டிக்காரன்:
எங்கள் பாட்டி ஆணிதான் புதைப்பார். நீலமாகத்தான் பூத்தது.

பழைய தோட்டக்காரர்:
ஊட்டி மண்ணில் ஆணி இல்லாமலும் அப்படித்தான் பூத்திருக்கும்.

கோத்தகிரி செல்வி:
மணல் கலந்து புதிதாக வைத்தேன். துளிர் வந்துவிட்டது, நன்றி! தங்கைக்குக் கொடுத்துவிடலாம்தானே?

மலைச்சாரல்:
அவசரப்படாதீர்கள் அக்கா. தண்டில் மிச்சமிருக்கும் சத்திலேயே துளிர் விடும். லேசாக இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால்தான் வேர். அப்புறம், டப்பாவில் ஓட்டை போட்டீர்களா இல்லையா?