பேஸ்பால் நிருபராக ஆசை, வேலூரில் இருந்து எப்படித் தொடங்குவது?

குடியாத்தம்காரி:
வணக்கம். இதழியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அமெரிக்க பேஸ்பால் பார்க்கிறேன். நியூயார்க்கில் அது முந்தின நாள் ராத்திரி ஏழு மணி ஆட்டம். இதை எழுதியே பிழைக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். எதைப் பிடித்துத் தொடங்குவது?

காட்பாடி பெரியவர்:
அம்மா, நான் 22 வருஷம் வேலூரில் விளையாட்டுச் செய்தி எழுதியவன். நேதாஜி மைதானத்தில் ஆட்டம் முடிவதற்குள் முக்கால் செய்தியை எழுதி வைத்திருப்பேன். முடிந்ததும் முடிவைச் சேர்த்து, கவரை ஒட்டி, சென்னை பஸ் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் செய்தி இல்லை.

பேஸ்பாலிலும் அதே பாடுதான். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ராத்திரி ஆட்டத்தில் ஏழாவது ஓடும்போதே நிருபர் எழுதிக்கொண்டிருப்பார். ஒன்பதாவதில் ஆட்டம் திரும்பினால் முதல் பத்தியை அழித்து எழுத வேண்டும். அனுப்பிவிட்டு வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு ஓடிப் பேட்டி எடுத்து, மறுபடி எழுதுவார். ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். உடம்பு தாங்க வேண்டும்.

முதலில் கையால் ஸ்கோர் எழுதப் பழகு. ஒவ்வொரு வீரரும் ஆட்டத்தில் என்ன செய்தார் என்று காட்டும் அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். நம்ம ஊர் ஸ்கோர் புத்தகம் தெரிந்தவளுக்கு அது அந்நியமாக இருக்காது.

சத்துவாச்சாரி பளுதூக்கி:
எங்க ஏரியா சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். பயிற்சிக் காலத்திலேயே வந்து பேசியவர்களுக்குத்தான் எழுத விஷயம் இருந்தது. நீங்களும் இங்கே ஜிம்முக்கு வந்து ஆட்களிடம் பேசிப் பழகுங்கள்.

குடியாத்தம்காரி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. பெண்ணை உள்ளே விடுவார்களா என்று அம்மா கேட்கிறார்.

காட்பாடி பெரியவர்:
விடாமலும் இருந்தார்கள். 1984-ல் கிளேர் ஸ்மித் என்ற பெண் பேஸ்பால் நிருபரை சான் டியாகோ அணியின் உடை மாற்றும் அறையில் இருந்து வெளியேற்றினார்கள். ஸ்டீவ் கார்வி என்ற வீரர் வெளியே வந்து நின்று அவருக்குப் பேட்டி கொடுத்தார். செய்தி நேரத்துக்குப் போய்விட்டது. 2017-ல் பேஸ்பால் எழுத்தாளர்களின் மிகப் பெரிய விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். இதை அம்மாவிடம் சொல்.

அப்புறம், நாளைக் காலை ஆட்டத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள். மூன்று வாய்ப்பையும் வீணாக்கி பேட்டர் அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக் அவுட்; அதற்கு ‘கே’ என்று எழுது. ஆட்டம் முடிந்து இருபது நிமிஷத்தில் 200 வார்த்தை எழுதி இங்கே போடு, நான் திருத்தித் தருகிறேன்.