கொரியர் டிரைவருக்கு 1.4 கோடி சம்பளமாம்!

கணக்குப்பிள்ளை:
நேற்று மடிப்பாக்கம் மணி ஒரு பதிவு போட்டிருந்தார். "அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற கொரியர் கம்பெனி டிரைவருக்கு வருடம் 1,70,000 டாலர் சம்பளம், நம் பணத்தில் 1.4 கோடி, அதற்கும் ஸ்ட்ரைக் என்று மிரட்டினார்கள், இதைப் பார்த்துத்தான் நம்ம ஊர் டெலிவரி பையன்களும் கெட்டுப்போகிறார்கள்" என்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் 32 வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்த 1,70,000 சம்பளமே இல்லை, ஐயா. 2023 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரி கரோல் டோமே சொன்னது இதுதான்: தொழிற்சங்கத்தோடு போட்ட ஐந்து வருட ஒப்பந்தம் முடியும் சமயத்தில் சராசரி முழுநேர டிரைவருக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து அவ்வளவு வரும். சேர்த்து! மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் அதற்குள். ஒப்பந்தம் முடிவது 2028-ல். அதைக் கொண்டுவந்து இன்றைய சம்பளம் என்று போட்டால் என்ன அர்த்தம்?

மடிப்பாக்கம் மணி:
சார், கம்பெனி பையிலிருந்து போவது 1,70,000 தானே? அதை எந்தப் பெயரில் போட்டால் என்ன? காப்பீட்டை என்ன காக்காய்க்கா போடுகிறார்கள்? டிரைவருக்குத்தானே?

கணக்குப்பிள்ளை:
கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசியில் முழுநேர டிரைவரின் உச்ச ஊதியம் சராசரியாக மணிக்கு 49 டாலர். 49 பெருக்கல் 40 மணி பெருக்கல் 52 வாரம், 1,01,920. மீதி 68,000 சொச்சம் எங்கே போனது? கையில் வராத காசு. கையில் வராதது சம்பளம் இல்லை. இதை எங்கள் எஸ்டேட்டில் டீ வாங்கி வரும் பையனுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மடிப்பாக்கம் மணி:
ஓவர்டைமை வசதியாக மறந்துவிட்டீர்கள். அந்த டிரைவர்கள் யாரும் 40 மணியோடு வீட்டுக்குப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
சரி, ஓவர்டைமைச் சேருங்கள். அப்போதும் 1,70,000 சம்பளம் இல்லை. சேர்த்து என்றுதான் அந்த அம்மாவே சொன்னார்.

சுக்குகாப்பி:
கணக்குப்பிள்ளை சார் கால்குலேட்டரோடுதான் படுப்பார் போல.

தோழர் திருவொற்றியூர்:
இரண்டு பேரும் டிரைவர் பையையே துழாவிக்கொண்டிருக்கிறீர்களே, மேலே உட்கார்ந்திருப்பவர் பையைப் பார்த்தீர்களா? 2022-ல் அதே டோமே அம்மையாருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1.9 கோடி டாலர். அந்தக் கம்பெனியின் சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்கும் ஊழியர் ஒருவர் வாங்குவதைப்போல 364 மடங்கு. ஒப்பந்தம் போட்ட டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் 2023-ல் அதற்கு உட்பட்டவர்கள் 3,40,000 பேர், அதில் பாதிக்கு மேல் பகுதிநேர ஆட்கள், ராத்திரியில் பார்சல் பிரிப்பவர்கள். அவர்களின் ஆரம்பக் கூலியை மணிக்கு 21 டாலர் ஆக்கவே அவ்வளவு மல்லுக்கட்டு. வேலைநிறுத்தம் நடக்கவும் இல்லை. 2023 ஜூலை 31 கெடு, 25-ஆம் தேதியே நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. 1997-ல்தான் நிஜமாக நின்றார்கள், 1,85,000 பேர், 15 நாள். நம்ம பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளிகள் 1918-லேயே சங்கம் கட்டிய ஊர் இது. நமக்கு இதெல்லாம் புதிதா?

சுக்குகாப்பி:
வந்துவிட்டது 1918. அடுத்து சிங்காரவேலர் மெரினாவில் கொண்டாடிய மே தினம். தோழர், தேதியையும் போட்டுவிடுங்கள்.

தோழர் திருவொற்றியூர்:
1923. கிண்டல் பண்ணுகிறவர்கள் மே 1 அன்று லீவு போடாமல் ஆபீஸ் போகவும்.

மடிப்பாக்கம் மணி:
364 மடங்கில் பெரும்பகுதி கம்பெனிப் பங்குகள். நாளைக்கு விலை விழுந்தால் அவ்வளவும் காற்று. அதையும் கையில் வராத காசு என்று கணக்குப்பிள்ளை சார் சொல்வாரா? அப்புறம், கூலியை ஏற்றி என்ன சாதித்தார்கள்? 2025-ல் 20,000 வேலையைக் குறைக்கிறோம், 73 கட்டடங்களை மூடுகிறோம் என்று அதே கம்பெனி அறிவித்தது. இதையும் எழுதுங்கள், தோழர்.

தோழர் திருவொற்றியூர்:
எழுதுகிறேன். அமேசானின் பார்சலைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்வதாக நிர்வாகமே 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. சரக்கைத் தானே வேண்டாமென்று சொல்லிவிட்டு, பழியைச் சங்கத்தின் தலையில் கட்டுகிறீர்கள். 2024-லும் இதைத்தான் செய்தீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நின்றபோது, கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாம் போய்விடும் என்று இங்கேதான் எழுதினீர்கள். என்ன ஆயிற்று? இன்னும் அங்கேதான் பிரிட்ஜ் செய்கிறார்கள்.

மடிப்பாக்கம் மணி:
போகலாம் என்று எழுதினேன், போய்விடும் என்று எழுதவில்லை. தமிழ் தெரியாதா?

கணக்குப்பிள்ளை:
'லாம்' விகுதிக்கு இவ்வளவு நியாயம் கேட்பவர், 'சேர்த்து' என்ற சொல்லை மட்டும் எப்படி விழுங்கினார்?

வடசென்னை வண்டி:
அண்ணே, நான் இரண்டரை வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஐடியை பிளாக் பண்ணிவிடுவான். டாலர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. போன மழையில் ஒரு நாள் பெரம்பூரில் பிரியாணி எடுத்து வியாசர்பாடியில் கொடுக்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். சுற்றிப்போனால் ஆறு கிலோமீட்டர் கூட ஆகும், ஆப் அதைக் கணக்கில் எடுக்காது, அது நேர்வழி தூரத்துக்குத்தான் காசு போடும். 38 ரூபாய். பை நனையக்கூடாது என்று என் ரெயின்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டேன். வாசலில் அந்த வீட்டு அம்மா முதலில் கேட்டது, "ஏன் லேட்டு?" 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி பசங்க நின்றதே, ஆர்டருக்கு 35 ரூபாய் இருந்தது 15 ஆகிவிட்டது என்றுதான். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. அமெரிக்காக்காரனைப் பார்த்துக் கெட்டுப்போக எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

மடிப்பாக்கம் மணி:
தம்பி, உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 ரூபாய் டிப் கொடுக்கிறவன்.

வடசென்னை வண்டி:
நல்லது அண்ணே. அப்படியே உங்கள் அபார்ட்மென்ட்டில் எங்களை லிப்டில் ஏற விடச் சொல்லுங்கள். மடிப்பாக்கத்தில் பாதி இடத்தில் படிதான்.

மடிப்பாக்கம் மணி:
அது அசோசியேஷன் முடிவு. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சுக்குகாப்பி:
20 ரூபாயில் எத்தனை மாடி அடக்கம், மணி சார்?

தோழர் திருவொற்றியூர்:
டிப் பிச்சை, கூலி உரிமை. டெலிவரி ஆட்களுக்கான நலவாரியம் 2023-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. தம்பி பதிவு செய்தாரா இல்லையா?

வடசென்னை வண்டி:
பதிந்தாயிற்று, தோழர். அண்ணா நகரில் மாநகராட்சி கட்டிய ஏசி ஓய்வறையிலும் போய் உட்கார்ந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஆர்டர் விழுவது ராயபுரத்தில்.

கணக்குப்பிள்ளை:
ஓய்வறை, லிப்ட் எல்லாம் அப்புறம் பேசலாம். பேச்சு மாறுகிறது. மணி இன்னும் பதில் சொல்லவில்லை. 1,70,000 சம்பளமா, இல்லையா?

மடிப்பாக்கம் மணி:
கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவுதான் சம்பளம். உலகம் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள். சிடிசி என்று கேள்விப்பட்டதில்லையா? எஸ்டேட் காலத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
எஸ்டேட் காலத்தை இழுத்தீர்கள் இல்லையா, நானும் இழுக்கிறேன். போன ஏப்ரலில் வேலை மாறும்போது இங்கேதான் புலம்பினீர்கள்: "18 லட்சம் சிடிசி என்று சொல்லி ஏமாற்றிவிட்டான், பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் உள்ளே திணித்திருக்கிறான், கையில் வருவதுதான் சம்பளம், மற்றதெல்லாம் பம்மாத்து." உங்கள் வார்த்தை. பம்மாத்து என்ற சொல்லை ரசித்துப் படித்தேன், அதனால்தான் மறக்கவில்லை.

சுக்குகாப்பி:
ஐயோ.

மடிப்பாக்கம் மணி:
அது வேறு, இது வேறு.

கணக்குப்பிள்ளை:
எப்படி வேறு?

மடிப்பாக்கம் மணி:
அது இந்தியாவில் வேலை மாறும்போது பேரம் பேசுகிற விஷயம். இது அமெரிக்காவில் சங்கம் போட்ட ஒப்பந்தம். இரண்டையும் முடிச்சுப் போடுவது உங்கள் பழக்கம், மெட்ரோ கட்டண விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

தோழர் திருவொற்றியூர்:
364 மடங்கைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மடிப்பாக்கம் மணி:
திறந்தேன், தோழர். பங்கு என்று சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மெட்ரோ விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி, அதையும் பிறகு பார்ப்போம். இப்போது 49 பெருக்கல் 40 பெருக்கல் 52. எவ்வளவு வருகிறது? எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மணி:
ஓவர்டைமோடா, இல்லாமலா?