கொட்டச்சேடு பாதையில் பார்த்த எடப்பாடி அம்மாவை யாருக்காவது தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு காலை குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு நடந்தே ஏறினோம். அடிவாரம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, விடுமுறை நாளில் வண்டி நெரிசல் வேறு. அதனால்தான் இந்தப் பக்கம்.

கொட்டச்சேடு தாண்டி ஒரு காபித் தோட்ட வேலி ஓரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். எதிரே நாலைந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் மஞ்சள் பை. "ஒரேடியா உக்காராத கண்ணு, கால் புடிச்சிக்கும், மெல்ல நடந்துட்டே மூச்சு வாங்கு" என்று சொல்லி, உப்பில் ஊறிய நெல்லிக்காய் இரண்டைக் கையில் வைத்தார். ஊர் எடப்பாடியாம். தைப்பூசக் காவடியோடு வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவர். பழனி மலைமேல் ஓர் இரவு தங்குவார்களே, அந்தக் கூட்டம்தான். கால் பழக இப்படி மலை ஏறி இறங்குகிறார்களாம். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்கியும் காட்டினார். என் முழங்கால் அன்று தப்பியது அதனால்தான்!

பெயர் கேட்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்கள். எடப்பாடி, கொங்கணாபுரம் பக்கத்து நண்பர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா? அவருடைய நம்பரைப் பொதுவில் போட வேண்டாம். என் நம்பரை அவரிடம் கொடுத்தால் போதும்.

அப்புறம், வெளியாட்களும் அவர்களோடு பழனி வரை நடக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.