பழி கார்புரேட்டர் மேல், கோளாறு ஆயில் சீலில்: ஆர்எக்ஸ் 100 அனுபவம்

அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல். போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை. வாரம் ஒரு ஸ்பார்க் பிளக் போகும். கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் நனைந்திருக்கும். டூ-ஸ்ட்ரோக் வண்டி, புகை வரத்தானே செய்யும் என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். பிறகு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரில்தான் கோளாறு என்று அதை மூன்று தடவை கழற்றியாகிவிட்டது. ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) சுத்தம், ஊசியை ஒரு படி இறக்கியது, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று. இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் மறுபடி புகை.

கொல்லிமலை ஏறும்போதுதான் வண்டி கைவிட்டது. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டவில்லை, இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கேபிளில் ஃப்ரீ பிளே (இருக்க வேண்டிய தளர்வு) சரியாகத்தான் இருந்தது. பிளேட் தீய்ந்த வாடை மட்டும் மூக்கைத் துளைத்தது.

நாமக்கல்லில் வயதான ஒரு மெக்கானிக். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை, முதலில் கியரும் கிளட்சும் நனைந்திருக்கும் கியர் ஆயிலை வடித்தார். ஊற்றியதில் பாதிகூட வரவில்லை. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. "வெளிய போகலைன்னா உள்ளதான் போகுது தம்பி" என்றார். கிராங்க் தண்டில் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து, விளிம்பு விரிசல் விட்டிருந்தது. பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே இருக்கிற கிராங்க் அறை உறிஞ்சும். சீல் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் வரும். போய்விட்டால் பக்கத்தில் இருக்கிற கியர் ஆயிலையும் இழுத்துக்கொள்ளும். புகையும் நனைந்த பிளக்கும் அதனால்தான். ஆயில் குறையக் குறைய கிளட்ச் பிளேட்டுகள் சூடாகித் தீய்ந்திருக்கின்றன. புகை ஒரு கோளாறு, கிளட்ச் இன்னொரு கோளாறு என்று பல மாதம் தனித்தனியாக அலைந்திருக்கிறேன்.

சீல், பிளேட், ஸ்பிரிங் எல்லாம் மாற்றியாயிற்று. அப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியைத் தரவே இல்லை.

*

(இதைப் படித்த இன்னொருவரின் பதில்) அண்ணே, எனக்கு இதுக்கு நேர் எதிர். சீல் போனது மேக்னட் பக்கம், அதாவது கிளட்சுக்கு எதிர்ப்பக்கம். அந்தப் பக்கம் ஆயில் கிடையாது, காத்துதான் உள்ள வரும். வண்டி சூடானதும் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது. நானும் கார்புரேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். பைலட் ஜெட் அடைப்புன்னு கம்பியை விட்டுக் குத்தி, ஓட்டையே பெருசாயிடுச்சு. புது ஜெட் வாங்க வேண்டியதாப் போச்சு. ஜெட்டைக் காத்து அடிச்சு மட்டும் சுத்தம் பண்ணுங்க, கம்பி வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கிளட்சுக்குப் புது கார்க் பிளேட் போட்டிருக்கீங்க. காருக்கு வாங்கின ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்திடாதீங்க, அதுல கிளட்ச் வழுக்கலாம். டப்பாவுல ஜாஸோ எம்ஏன்னு (JASO MA, ஆயில்ல நனையற கிளட்ச் இருக்கிற பைக்குக்கான தரக்குறி) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. 500 கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை ஆயில் லெவல் பாருங்க. குறையலைன்னா சீல் நல்லா உக்காந்திருக்கு.