புதுப்பிப்பு: மஸ்டாங் ஜிடிக்கு எந்த சூப்பர்சார்ஜர் கிட்?
2018 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரில் ரூட்ஸ் வகையா, சென்ட்ரிஃப்யூகலா என்று முன்பு கேட்டிருந்தேன். சென்ட்ரிஃப்யூகல்தான் என்று முடிவாகிவிட்டது. ரூட்ஸில் கீழ் ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் சுழலும் வேகம்) இழுவை கிடைக்கும், ஓட்ட சுகம்தான். ஆனால் எஞ்சின் தலைமேலேயே உட்கார்வதால் டிராஃபிக்கில் சீக்கிரம் சூடேறும். சென்ட்ரிஃப்யூகலில் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், ஆர்பிஎம்மோடு படிப்படியாக ஏறும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுக்கு அடி குறைவு.

கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம்) ஏற்கெனவே 12:1 என்பதால், பூஸ்டைக் கூட்டும் சின்ன புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஆசையை விட்டுவிடுங்கள். பெட்ரோலின் ஆக்டேன் போதாவிட்டால் நாக் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) நிச்சயம். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும்) ரகம், முனை இடைவெளி சுமார் 0.030 அங்குலம். கூடினால் பூஸ்டில் பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும்.

கிட்டில் வராத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத செலவு ஆயில் பம்ப் கியர். ஒரிஜினல் கியர் உலோகப்பொடியை அழுத்திச் செய்தது. ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரில் அடிவாங்கினால் உடையலாம், உடைந்தால் எஞ்சினே போச்சு. ஒரே கட்டியில் கடைந்த பில்லெட் ஸ்டீல் கியர் போடுங்கள்.

மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறாமல் சரிந்தால் முதலில் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது.